தலை நிற்காத குட்டி

எங்கள் வீட்டில் முதலில் கல்யாணம் நடந்தது நாய்க்குத்தான். எனக்குத் தை மாதம் என்று பேசி வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின வைகாசியிலேயே நாய் முந்திக்கொண்டது.

எண்பதுகள் முடியப்போகிற சமயம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு, மாடம்பாக்கத்தில் அத்தை வீடு. அத்தை அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அக்கா வாய் திறந்தால் அப்பா வாயை மூடிக்கொள்வார். அந்த அளவு மரியாதை. விமானப்படையில் இருந்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு லாப்ரடார் குட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆண் குட்டி அத்தை வீட்டுக்குப் போனது, பெண் குட்டி எங்களுக்கு வந்தது. எங்கள் பெண் நாய் ஒருமுறை குட்டி போட்டு, அதில் ஒரு மகளை நாங்கள் வைத்துக்கொண்டோம். தாய் பின்னால் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தது. அந்த மகளைத்தான் அத்தை வீட்டு ஆணுக்கு, அதாவது அதன் சொந்தத் தாய்மாமனுக்கே, கட்டிக் கொடுத்தோம்.

வேறு நாய் கிடைக்காமல் இல்லை. சேலையூரில் ஒருவர் வீட்டில் நல்ல கறுப்பு லாப்ரடார் இருந்தது, கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். "ஜாதி நாய்னா சொந்தத்துக்குள்ளயே பண்ணணும். வெளில போனா கலந்துடும்" என்று அப்பா சொல்லிவிட்டார். ரயில்வே அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் மனிதருக்கு நாய் வளர்ப்பில் என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாருமே அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதனால் அது நியாயமாகவே பட்டது.

அத்தை அன்றைக்கு அமர்க்களம் பண்ணினாள். இரண்டு நாய்க்கும் நெற்றியில் குங்குமம், பெண்ணுக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு, கனகாம்பரச் சரம். தெருவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் ரவா கேசரி போயிற்று. மாப்பிள்ளை கனகாம்பரத்தைத் தின்றுவிட்டது. அத்தை எங்கள் நாயின் காதைத் தடவிக்கொண்டே, "என்னை மாதிரியே இவளும் மாமனைக் கட்டிக்கிட்டா. கண் கலங்காம இருப்பா" என்றாள். அத்தை கட்டிக்கொண்டதும் தன் தாய்மாமனைத்தான். மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நாளெல்லாம் செய்தித்தாளும் ரேடியோவுமாக இருப்பார். அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

நான் கட்டிக்கொள்ள வேண்டியது அவர்கள் மகனை. பிறந்த அன்றே முடிவான விஷயம். கிண்டியில் ஒரு கம்பெனியில் அத்தானுக்கு வேலை, ஒரு ஸ்கூட்டர் இருந்தது. இதை வைத்து நான் அவரைக் கட்டாயத்துக்கு ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பீச் ஸ்டேஷன் பக்கத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்த ஆபீசில் என்னிடம் பேச்சுக் கொடுக்கவே யோசிப்பார்கள். நான் பேசப்பேச அலுக்காமல் கேட்டு, சரியான இடத்தில் சிரிக்கத் தெரிந்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். அது லேசில் கிடைக்கிற பொருளா என்ன.

ஆடியில் குட்டிகள் பிறந்தன. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. ஊரப்பாக்கத்தில் ஒரு டீச்சர் வீட்டுக்கும் ரயில்வே காலனியில் தெரிந்தவர்களுக்குமாகக் கொடுத்தது போக, வெண்ணெய் நிறத்தில் ஒரு ஆண் குட்டியை நாங்கள் வைத்துக்கொண்டோம். பெயர் வைப்பதில் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்து, கடைசி வரைக்கும் அதற்குக் குட்டி என்பதே பெயராக நின்றுவிட்டது.

கார்த்திகை மழை பிடித்ததும் குட்டியின் நடையில் ஒரு கோளாறு தெரிந்தது. பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தாவும். தெருக்கோடி வரை போனால் திரும்பி வரத் தெம்பு இருக்காது, பாதியில் உட்கார்ந்துவிடும். முதுகு வளைந்துகொண்டே வந்தது. காலையில் சில்லென்ற சிமெண்ட் தரையில் தலையைத் தூக்க முடியாமல் தாடையைத் தரையில் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டும். பால்காரர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நாயின்னு பாத்தா மொசலு கணக்கா தாவிக்கினு போவுது" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த நாள் பாலில் தண்ணீர் என்று அவரோடு சண்டை போட்டாள்.

கால்சியம் இல்லை என்றார்கள். கால்சியம் டானிக் கொடுத்தோம். முட்டை கொடுத்தோம், கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தோம், வெயிலில் போட்டுக் காலில் நல்லெண்ணெய் தேய்த்தோம். எண்ணெய் தேய்த்த நாய் வீடு முழுக்க வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். "வேப்பேரி மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டணும்" என்று நான் சொல்லிவிட்டேன். நாய்க்கு எதற்கு அவ்வளவு தூரம் என்றார் அப்பா. அத்தானிடம் சொன்னேன், அவர் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரோடு வந்து நின்றார்.

காய்கறிக் கூடையில் என் பழைய தாவணியை மடித்துப் போட்டு, குட்டியை அதில் உட்கார வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். பல்லாவரம் தாண்டி மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கியதும் குட்டி பயந்து என் முழங்கையைக் கவ்வியது. கவ்வினதில் அழுத்தமே இல்லை. பல் முளைத்த ஐந்து மாத நாய் இப்படியா கவ்வும் என்று அப்போதுதான் எனக்கு உள்ளுக்குள் உதைத்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருக்கலாம். குட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. இன்னொரு காலையும் தட்டினார். அதுவும் அப்படியே கிடந்தது. பிறகு தன் மேஜைக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஆஸ்பத்திரி நாயைக் கூப்பிட்டு அதன் காலில் தட்டிக் காட்டினார். அது வெடுக்கென்று உதைத்தது.

"இது எலும்பு இல்ல. சதையில கோளாறு, பிறவியிலேயே. நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன், நேர்ல பாக்கறது இதுதான் முதல் தடவை. சதையைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றவர், "இதோட அப்பா அம்மா ரெண்டும் எங்கேர்ந்து?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டும் சொந்தம் மேடம். அம்மாவுக்குத் தாய்மாமன்தான் அப்பா. வெளில விடவே இல்ல" என்றேன். நற்சான்றிதழ் படிக்கிற மாதிரி சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். அப்பனிடமும் இந்தக் கோளாறு ஒளிந்திருந்திருக்கிறது, தாயிடமும் ஒளிந்திருந்திருக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது, இருப்பதே தெரியாது, ஓடி ஆடி இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குட்டிக்கு வந்து சேர்ந்தால்தான் இப்படி. சொந்தத்துக்குள் போடப்போட, ஒளிந்திருப்பது இரண்டும் சந்தித்துக்கொள்ள வழி அதிகம்.

மருந்து கிடையாது. ஆனால் சாகாது என்றார். ஒரு வயசுக்கு மேல் மோசமாவதில்லை. ஓட விடக்கூடாது, தட்டை உயரத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், குளிர் ஆகாது. "தாம்பரத்துலதானே இருக்கீங்க, அந்த வெயில் இதுக்கு நல்லது" என்றார். எங்கள் ஊர் வெயிலை ஒருவர் பாராட்டி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கிளம்பலாம் என்று அத்தான் கூடையை எடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. "மனுஷங்களுக்கும் இதே கணக்குதானா மேடம்?" என்று கேட்டேன். அத்தான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நான் நாய் டாக்டர்மா" என்றார் அவர். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கணக்கு ஒண்ணுதான். சொந்தத்துல பண்ணிக்கிற எல்லாருக்கும் வராது. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. குடும்பத்துல முன்னாடி யாருக்காவது இப்படி இருந்திருந்தா மட்டும் யோசிக்கணும்."

"எங்க வீட்ல யாருக்கும் கிடையாது" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். வீடு வந்து சேரும் வரை எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கேள்வி கேட்டாயிற்று, பதிலும் கிடைத்தாயிற்று, கல்யாணத்துக்கு இடைஞ்சல் இல்லை.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். இனிமேல் அந்த இரண்டு நாயையும் சேர்க்கக்கூடாது, குட்டி வாங்கிப்போனவர்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்றேன். அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "நாயைக் காட்டி மனுஷங்களைப் பேசறியா? உங்க அத்தை மாமனைக் கட்டலியா? என்ன குறைஞ்சு போச்சு? பத்திரிகை அடிக்கக் குடுக்கற நேரத்துல இந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்தது?" என்று குதித்தார். நாயைத்தான் சொன்னேன் என்றால் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் கேட்ட கேள்வியை அத்தான் அப்பாவியாகச் சொல்லிவிட்டிருந்தார். எனக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, அதற்கு நாயைச் சாக்கு வைக்கிறேன் என்று அப்பாவாகவே முடிவு கட்டி, அக்காவுக்கும் சொல்லியனுப்பிவிட்டார்.

அந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அத்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். அத்தையின் முகத்தைப் பார்த்ததுமே, என்னை ஒரு வழி பண்ணத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நானும் தயாராகத்தான் இருந்தேன். எனக்கு அவள் மகன் மேல் ஆசை, அதை நேராகச் சொல்லிவிட்டால் பாதி சண்டை தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அத்தை குட்டியைப் பார்த்து மூன்று நாலு மாதம் இருக்கும். மற்ற குட்டிகளோடு உருண்டுகொண்டிருந்தபோது பார்த்தது. அவள் உள்ளே வந்தபோது அம்மா அதற்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தாள். காலியான பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டு. அன்று பனி அதிகம். குட்டி இரண்டு வாய் தின்றது, கழுத்து தொய்ந்து, மூக்கு பால்சோற்றில் முங்கியது. தூக்கப் பார்த்தது. முடியவில்லை.

அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஒரு கையை அதன் மார்புக்குக் கொடுத்து, இன்னொரு கையை விரித்துத் தாடைக்கு அடியில் வைத்துத் தலையை ஏந்தினாள். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய் அந்த இடத்தில் நின்றது. குட்டி அவள் கையில் தலையை வைத்துக்கொண்டே மிச்சச் சோற்றை நக்கித் தின்று முடித்தது.

"இவனுக்குத் தலை நிக்கலையா?" என்று கேட்டாள்.

"குளிர்ல நிக்கறதில்ல அத்தை. வெயில் வந்தா சரியாயிடும்."

"மூத்தவனுக்கும் நிக்கல" என்றாள் அத்தை.

எனக்குத் தெரிந்து அத்தைக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. "எந்த மூத்தவன்மா?" என்று கேட்டார் அத்தான்.

நானும் அத்தானும் பிறப்பதற்கு முந்தைய கதை அது. அத்தைக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கும் முழியுமாக இருந்ததாம். ஆனால் தூக்கினால் கை கால் துவண்டு தொங்கும், அழுதால் சத்தம் வராது. ஊர்க் குழந்தைகளெல்லாம் குப்புற விழுந்து தவழும் வயதில் அவனுக்குத் தலைகூட நிற்கவில்லை. பால் குடிக்கும்போது இப்படித்தான் தாடையில் கை கொடுத்து ஏந்த வேண்டுமாம். ஆண்டு நிறைவுக்கு முன்னால் போய்விட்டான். ஜோசியர், பச்சைக் குழந்தையிலேயே கொண்டுபோகிற பாலாரிஷ்ட தோஷம் என்றார். வீட்டில் வேறு மாதிரி சொன்னார்கள்.

"மாசமா இருந்தப்ப ஒரு கிரகணம் வந்தது. மழை தூறுதேன்னு கொடில கெடந்த துணியை எடுக்க வெளில போயிட்டேன். அதனாலதான் பிள்ளை இப்படிப் பொறந்ததுன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்க மாமா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. சரி, நான்தான் பிள்ளையைத் தின்னுட்டேன்னு நானும் இருந்துட்டேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று வீட்டில் அன்றைக்கே வாயைக் கட்டிவிட்டார்கள், அதற்கப்புறம் யாரும் அவிழ்க்கவில்லை.

அத்தை குட்டியின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அந்த டாக்டர் இது யார் தப்புன்னு சொன்னாங்க?"

"யார் தப்பும் இல்லையாம் அத்தை. ரெண்டு பேர்கிட்டயும் ஒளிஞ்சிருந்திருக்கு."

"ரெண்டு பேர்கிட்டயுமா?"

"ஆமா. ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா வராதாம்."

"அப்ப மாமாகிட்டயும்?"

நாயைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. எனக்கு வாய் நீளம் என்றேன் அல்லவா, அன்றைக்கு அது நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. "மாமாகிட்டயும் இருந்திருந்தாத்தான் அத்தை இப்படி வரும். உங்களால மட்டும் வந்திருக்கவே முடியாது. கிரகணத்தால நிச்சயமா வராது" என்றேன்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே குட்டியின் தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "தம்பி, இந்தக் கல்யாணம் வேணாம்டா" என்றாள்.

"அக்கா, பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு."

"அடிச்சு வந்தா கிழிச்சுப் போடு. நான் ஏந்தின மாதிரி இவ ஏந்த வேணாம்."

மனிதர்களைப் பார்க்கிற டாக்டர் ஒருவரிடமும் நானும் அத்தானுமாகப் போய்க் கேட்டோம். அத்தையின் முதல் குழந்தைக்கு என்ன என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் யோசிப்பது சரிதான் என்றார் அவர். வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். "நீ அந்தக் கேள்வியைக் கேக்காம இருந்திருக்கலாம்" என்றார் அத்தான். "கேக்காம இருந்தா அது நானா?" என்றேன். சிரித்தார். சரியான இடத்தில்தான் சிரித்தார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். பிடித்த மனிதரை விட்டுக்கொடுப்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் முடிவு தப்பு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவரும் சொந்தத்துக்கு வெளியே அசலில் பெண் எடுத்தார், நானும் அசலில் வாக்கப்பட்டு ஊரப்பாக்கத்துக்குப் போனேன். அவர் மனைவியும் நானும் இன்றைக்கும் சேர்ந்து புடவைக்கடைக்குப் போகிறவர்கள்.

குட்டி அம்மாவிடமே இருந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே ஒரு வயசுக்கு மேல் மோசமாகவில்லை. மெலிந்த தொடையும் வளைந்த முதுகுமாகத் தெருவில் நிதானமாக உலாத்திவிட்டு வரும். மார்கழியானால் அப்பாவின் பழைய ஸ்வெட்டரைக் கை வெட்டிப் போட்டுவிடுவோம். கோபத்தில் குதித்த அதே அப்பாதான் காலையில் பித்தான் மாட்டிவிடுவார். சித்திரை வெயிலில் ஊரே நிழல் தேடும்போது இது மட்டும் மொட்டை வெயிலில் நீட்டிப் படுத்துக்கொண்டு ராஜா மாதிரி பார்க்கும்.

அத்தை அடிக்கடி வருவாள், வந்தால் அதன் காலைப் பிடித்துவிடுவாள். குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும் நடுவில் புகுந்து, "ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் வரும், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். மாமா செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை மட்டும் அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "ஆமா, எங்கிட்டயும்தான்" என்றார். அத்தை எழுந்து உள்ளே போய் அவருக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில், தீபாவளியை ஒட்டி ஒரு சூரிய கிரகணம் வந்தது. நான் முதல் பிள்ளைக்கு ஏழு மாதம், அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. அம்மா ஜன்னலையெல்லாம் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்து, என்னை உள் அறையில் உட்கார வைத்து, அசையக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தாள். தீபாவளிக்கு வந்திருந்த அத்தை கூடத்தில் இருந்தாள். குட்டி வழக்கமான வெயில் நேரம் ஆகிவிட்டது என்று வாசற்கதவைக் காலால் பிராண்டியது.

அத்தை எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். "அக்கா, கிரகணம்" என்று அம்மா உள்ளேயிருந்து பதறினாள். அத்தை காதில் வாங்காமல் குட்டியோடு வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்து, அதன் பின்னங்காலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே என்னைக் கூப்பிட்டாள்.

"மேல பாக்காத, கண்ணுக்கு ஆகாதாம். மத்தபடி ஒண்ணும் இல்ல. நீயும் வா."

நான் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் கொஞ்ச நேரம் மங்கலாக இருந்தது. கொடியில் அம்மா எடுக்க மறந்த துணிகள் அப்படியே கிடந்தன. அத்தை எழுந்து போய் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக் கொண்டுவந்தாள்.